செபஸ்தியானின் கடைவாய்ப் பல்

மன நலத்தைப் பேணிக் காக்கும் கலையில் உலகத்துக்கே பாடம் நடத்தத் தகுதி பெற்ற மாநகரம் திருச்சிராப்பள்ளி. சந்தேகப்படுகிறவர்கள் இந்த ஊரில் யாரையாவது நிறுத்தி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பார்க்கலாம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்கு அடியில் குனிந்து நடப்பவர்கூட "நல்லா இருக்கேங்க" என்றுதான் சொல்வார். கேட்டவரும் பதிலுக்குக் காத்திராமல் நாலு கடை தாண்டிப் போயிருப்பார். இப்படி ஒரு ஆரோக்கியத்தை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

இந்த அரிய கலையை மக்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய விரும்புவோர், பாலக்கரை செபஸ்தியானின் வரலாற்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

செபஸ்தியான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எழுத்தர். ஐம்பதை நெருங்குகிறவர். வம்பு தும்புக்குப் போகாத மனிதர். சில மாதங்களாக அவருக்குத் தூக்கம் போய்விட்டது, சோறும் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒருநாள் ஆபீஸ் போகும் பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோது, இப்படியே இந்தத் தண்ணீரோடு போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் அவர் மிரண்டு போனார். அன்றிலிருந்து பாலம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

இதை மனைவி சகாயம்மாளிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மாள் அழுதார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு காரியத்தில் இறங்கினார்.

"தில்லை நகர்ல நசீரான்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். மனசுக்குப் பாக்குறவங்க. போயிட்டு வாங்க. ஆனா யாரு கண்ணுலயும் பட்டுடாதீங்க. நம்ம பொண்ணு ஜாஸ்லினுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"பட்டுட்டா?"

"அதே கட்டடத்துல கீழ் மாடியில பல் டாக்டர் இருக்காரு. பல்லுன்னு சொல்லிடுங்க."

உண்மைதான். முதல் மாடியில் பல் மருத்துவர் வீரமலை. இரண்டாம் மாடியில் மனநல மருத்துவர் நசீரா. இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. அந்தக் கட்டடத்தைக் கட்டிய மகான் யாரோ, நம் மக்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்.

செபஸ்தியான் முதல் மாடியைத் தாண்டி ஒரு காலை மேலே வைத்திருப்பார். மேலே இருந்து பெலிண்டா இறங்கி வந்தார். கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிற பெலிண்டா. செபஸ்தியானைக் கண்டதும் அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"என்னண்ணே, இந்தப் பக்கம்?"

"பல்லும்மா. நீ?"

"நானும் பல்லுதாண்ணே."

பல் வலிக்காரி இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வருவானேன் என்று செபஸ்தியான் கேட்கவில்லை. பல் வலிக்காரர் முதல் மாடியைத் தாண்டி ஏறுவானேன் என்று பெலிண்டாவும் கேட்கவில்லை. நாகரிகம் என்பது இதுதான். அதோடு விட்டிருக்கலாம். பெலிண்டா உபகார சிந்தை உள்ளவர்.

"மாடி மாறிப் போறீங்கண்ணே. இதான் பல் ஆஸ்பத்திரி, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனார்.

டாக்டர் வீரமலை விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தார். "எந்தப் பல்லுங்க?"

செபஸ்தியான் வாய்க்கு வந்த திசையில் கடைவாயைக் காட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு. ரொம்ப வலிக்குதா?"

"ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்." இத்தனை மாதங்களில் முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம் அவர் சொன்ன உண்மை இது.

"சாப்பாடு?"

"இறங்கல டாக்டர்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"அடடா, அப்ப வேருலதான் கோளாறு" என்றார் வீரமலை. ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

பல் போனதும் செபஸ்தியானுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. ஆபீஸில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். மேலாளர் பெரியண்ணன் அவர்களே சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். "வலின்னா சொல்ல வேண்டியதுதானே? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் செபஸ்தியான் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிடுங்கிய இடம் இன்னும் வலிக்கிறது போல என்று பெரியண்ணன் சகாயம்மாளுக்கு ஆறுதல் சொன்னார்.

பெரியண்ணன் சாதாரண ஆள் இல்லை. ஆபீஸின் "மன நல விழிப்புணர்வுக் குழு"வுக்குத் தலைவர். புதன்கிழமை தோறும் ஊழியர்களைக் கூட்டி, "மனசு விட்டுப் பேசுங்க. சுருக்கமாப் பேசுங்க" என்பார். எல்லோரும் "நல்லா இருக்கேன் சார்" என்று மனம் விட்டுப் பேசுவார்கள். பிறகு பஜ்ஜி.

தூக்கம் வராததால் செபஸ்தியான் மறுபடி தில்லை நகருக்குப் போனார். இந்த முறை படிக்கட்டில் யாரும் இல்லை. நாலே எட்டில் மேலே போய்விடலாம். பாதியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் பெரியண்ணன்!

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பல்லு சார்" என்றார் செபஸ்தியான்.

"நானும் பல்லு" என்றார் பெரியண்ணன்.

இருவரும் சேர்ந்து முதல் மாடிக்கு இறங்கி, வீரமலையின் வரவேற்பறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மற்றவர் உள்ளே போனதும் நழுவிவிடலாம் என்பது இருவர் திட்டமும்.

"நீங்க முதல்ல போங்க செபஸ்தியான். உங்களுக்குத்தான் வலி அதிகம்."

"ஐயோ, நீங்க போங்க சார். உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது."

"என்ன தெரியுது?" பெரியண்ணன் சட்டென்று கேட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

கேட்டிருக்கலாம். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. சார், உங்களுக்கும் தூக்கம் வரலையா என்ற ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"பல்லு வலி சார்" என்றார் செபஸ்தியான்.

யாரும் முந்தாததால் வீரமலையே இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டு, ஆளுக்கொன்று பிடுங்கினார். இரு பற்களும் முத்துப்போல இருந்தன. பஞ்சைக் கடித்தபடி மேலாளரும் எழுத்தரும் சைகையால் விடைபெற்றுக்கொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை ஆண்டுக் கூட்டம். பெரியண்ணன் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி பெருமிதத்தோடு அறிவித்தார்: "நம்ம ஆபீஸ்ல ஒருத்தர்கூட மனநல டாக்டர்கிட்ட போகல. இது நம்ம குழுவோட வெற்றி." கைதட்டல் அடங்கியதும், வழக்கப்படி ஊழியர்கள் ஒவ்வொருவராக எழுந்து நன்றாக இருந்தார்கள். செபஸ்தியானின் முறை வந்தது.

அவருக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. இனியும் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கக் கொடுக்க மனமில்லாமல் போயிருக்கலாம்.

"சார், எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல" என்றார். "பஸ்ஸு பாலத்துல ஏறுனா எனக்குப் பயமா இருக்கு. தண்ணியப் பாக்க முடியல. கண்ண மூடிக்கிறேன்."

பஜ்ஜியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு கணம் பெரியண்ணனின் கைக்குட்டை கீழே இறங்கியது. நானும்தான் என்று சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். கைக்குட்டை மேலே போனது.

"அடடா, அப்ப அது கண்ணு" என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. "ஆமாங்க, கண்ணுதான்." "வெயில்ல தண்ணி பளபளன்னு அடிக்கும்ல." "தில்லை நகர்லயே நல்ல கண் டாக்டர் இருக்காரு." மனம் விட்டுப் பேசிய செபஸ்தியானுக்கு நன்றி தெரிவித்தும், மன நலக் குழுவின் சார்பில் அடுத்த மாதம் கண் பரிசோதனை முகாம் நடத்துவது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவாகக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் இன்னொரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தார்கள்.

அன்று மாலை பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. செபஸ்தியான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூட வந்த ஆபீஸ்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். கண் கோளாறு என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.