பேட்டரி பாய் டப்பாவில் கட்டிய எர்த்து

பழவேற்காட்டில் பேட்டரி பாயின் சைக்கிளைத் தொட்டு ஷாக் வாங்காத ஜீவன் கிடையாது. மனிதர்களை மட்டும் சொல்லவில்லை. உப்புக் காற்றில் ஊறிய அந்த வண்டியை ஒரு வெள்ளாடு ஆசையாக நக்கியது. அடுத்த நிமிடம் அது மீன் ஏலக் கொட்டகைக் கூரைமேல் நின்றது. எப்படி ஏறினோம் என்று அதற்கே தெரியாமல் கத்தியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏரியில் கையால் தடவி இறால் பிடித்து, பாயின் வாடகை சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்பேன் நான். மிதிப்பது மனுஷனுக்கு அழகில்லை என்று பாய்க்கு ஒருநாள் தோன்றிவிட்டது. பழைய லாரி டைனமோ ஒன்றை மோட்டாராகச் சைக்கிளில் கட்டி, இரண்டு லாரி பேட்டரிகளைக் கேரியரின் இரு பக்கமும் தண்ணீர்க் குடம்போலத் தொங்கவிட்டார். வண்டி ஓடியது! ஓடும்போது பரம சாது. ஸ்விட்சை அணைத்தால்தான் இரும்பெல்லாம் சுள்ளென்று அடிக்கும்.

கோளாறு எங்கே என்று ஒவ்வொரு வயராக நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"யக்கா, இது புளிக்குது. அப்ப இதுல கரண்ட் வருது."

"நாக்கு வெந்துபூடும் பாய்."

"அத்த வுடு. பாத்திமா கொழம்புதான் இப்பல்லாம் உப்பே ஒறைக்க மாட்டேங்குது."

அந்தப் பாத்திமா, பாயின் மனைவி, ஒருநாள் டீ கொண்டுவந்து வண்டிமேல் கை வைத்தாள். டீ அவர் தலையில், கிளாஸ் தெருவில். அன்றைக்கே சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "ஷாக்கு நின்னாதான் வருவேன். இல்லாங்காட்டி அந்த வண்டியோடவே குடும்பம் நடத்துங்க."

பாய் இளைத்துப்போனார். பொன்னேரிக்குப் போய் ஒயர்மேனைக் கேட்டார். வீட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்த அந்த ஆள், "எர்த்து குடு பாய். மண்ணுல வயர எறக்கி உப்பு, கரி போடு. ஈரம் காய வுடாத" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஹேண்டில்பாரில் ஒரு பால்பவுடர் டப்பா தொங்கியது. உள்ளே ஏரிச் சேறு. சேற்றுக்குள் ஒரு வயர்.

"உப்பு போடலியா பாய்?"

"நம்ம ஏரி சேத்துக்கு எதுக்கு யக்கா தனியா உப்பு?"

கையோடு என்னையும் கூப்பிட்டார். "நீ வந்து சொன்னா அவ கேப்பா." நான் யார் கேரியரிலும் ஏறாதவள். ஒரு குடும்பம் சேர வேண்டுமே என்று ஏறினேன்.

வழியெல்லாம் மேடு பள்ளம். டப்பாச் சேறு தளும்பித் தளும்பி ஸ்விட்சுக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து இறுகிவிட்டது. சுண்ணாம்புக்குளத்தில் மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த பாய் ஸ்விட்சை அழுத்தினார். அசையவில்லை. பிரேக்கில் புகை வந்தது, வண்டி நிற்கவில்லை.

"பாத்திமா! வூட்டுக்கு வா!" என்று கத்திக்கொண்டே வாசலைக் கடந்துவிட்டோம்.

ஊர்க் குளத்தைச் சுற்றித் திரும்பி வந்தோம். பாத்திமா வெளியே வந்திருந்தாள்.

"ஷாக்கு நின்னுடுச்சி பாத்திமா!"

"வண்டி நிக்கலியேங்க!"

மறுபடியும் குளம். அடுத்த சுற்றில் அவள் கூடவே ஓடிவந்தாள். "பேட்டரி வயர புடுங்குங்க!"

"புடுங்குனா அடிக்கும்டி!"

"நீங்க வாங்காத ஷாக்கா?"

"யக்கா இரும்புமேல குந்தினுகீறாங்க. அவுங்களுக்கும் அடிக்குமே!"

இதற்காகத்தானா இத்தனை சுற்று? பாத்திமா எட்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் காயப்போட்ட வலைக்குவியலில் விழுந்தோம். அதைப் பார்த்த பிறகுதான் பாய் வயரைப் பிடுங்கினார். வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

பாத்திமா ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு இருக்கிறது என்று தெரிந்ததும் டப்பாவைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"எர்த்து."

"ஊரெல்லாம் மண்ணு கெடக்குது. இத டப்பால அடச்சிகினு என்னக் கூப்ட வந்தீங்களா?" திட்ட ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். பாய் நின்று திரும்பினார். "யக்கா, வுழுந்ததுல எங்கியாவது வலிக்குதா?"

என் கூடப்பிறந்தவர்கள் யாரும் என்னை அப்படி நின்று கேட்டதில்லை.