மூன்று நிற டார்ச்சும் நான் நிறுத்திய பஸ்ஸும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை நான் போலீஸ் வேலை பார்த்திருக்கிறேன். மொத்தம் கால் மணி நேரம். யாரும் என்னை அந்த வேலைக்கு எடுக்கவில்லை. பழி முழுவதும் ஒரு டார்ச் லைட்டைத்தான் சேரும் என்று இத்தனை வருஷமாக வாதாடி வருகிறேன். வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

மலாயா சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். எனக்கு இருபது வயது. மலாக்காவில் காஜா பெராங் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா டவுனில் ஒரு சாமான் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா. புக்கிட் காதில் போகும் வழியில் ஒரு மண்டபத்தில், மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு ஆரம்பித்தார்கள். பிரஜாவுரிமைப் பாரத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிறையப் பெண்களுக்கு ஆசை. அவர்களுக்குப் பாடம் நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முடித்த இரண்டு வருஷத்தில் நான் செய்திருந்த பெரிய சாதனை சம்பால் அரைத்தது ஒன்றுதான்.

"பொழுது சாஞ்சப்புறம் பொட்டப் புள்ள தனியா ரோட்டுல நடக்கிறதா? சரிப்படாது லா" என்றார் அப்பா.

இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்தேன். (குசினியில் அம்மா ஒளித்து வைத்துக் கொடுத்த சோறு கணக்கில் சேராது.) மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார்.

"ஒரு வாரம் போய்ப் பாரு. நல்ல டோர்ச் லைட்டு ஒண்ணு வாங்கிக்கோ. ஏதாச்சும் ஏடாகூடமா நடந்துச்சுன்னு என் காதுல விழுந்தா, அன்னைக்கோட வகுப்புக்கு முழுக்கு. சொல்லிட்டேன்."

டார்ச்சை நானே பார்த்து வாங்குகிறேன் என்று சொன்னது என் முதல் தப்பு. வீட்டுக்கும் அதுதான் விளக்கு என்பதால் ஆளுக்கொரு விருப்பம் சொன்னார்கள். வெளிச்சம் தென்னை மர உச்சிவரை போக வேண்டும், அப்படியே கொல்லைப்புறத்துக் கக்கூசுக்கும் வழி காட்ட வேண்டும் என்றார் அப்பா. அடுப்படியில் நிற்க வைத்தால் விழாமல் நிற்க வேண்டும் என்றாள் அம்மா. என் கைப்பைக்குள் அடங்க வேண்டும் என்றேன் நான்.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு சீனர் கடை. கடை முதலாளி தவுக்கே பொறுமைசாலி. நாலைந்து டார்ச்சுகளை வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவது ஐந்து பேட்டரி போடுவது. உலக்கை மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனால் படிக்க வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். அடுத்தது தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும் ரகம். எதிர்க்கடைச் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது, என் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. மூன்றாவது, இரண்டு பேட்டரி போடும் சாதாரண அலுமினிய டார்ச். வெளிச்சம் அகலமாக விழுந்தது, மேசையில் அசையாமல் நின்றது, பையிலும் அடங்கியது. தவுக்கே அதைத் தட்டிக் காட்டி, "இனி பாகுஸ்" (இதுதான் நல்லது) என்று மூன்று தடவை சொன்னார்.

என் கண்தான் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டதே. அங்கே ஒரு டார்ச் இருந்தது. கட்டை விரலால் ஒரு பித்தானைத் தள்ளினால் வெள்ளை வெளிச்சம் சிவப்பாகும், இன்னும் தள்ளினால் பச்சையாகும். அது வேறு ஆட்கள் வேலைக்கு வாங்குவது என்று தவுக்கே சொல்லிப் பார்த்தார். சுதந்திர நாட்டில் வாழப்போகிற பெண்ணுக்கு மூன்று நிறம் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாங்கிவிட்டேன்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்குப் பச்சையைப் போட்டுக் காட்டினேன். "மூஞ்சி பேய் மாதிரி இருக்கு, அணைச்சுத் தொலைடி" என்றாள். வெள்ளை ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. மிச்சம் சிவப்பு. என் ஊதாச் சேலைக்கு அது எடுப்பாகவும் இருந்தது.

காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. ரோட்டில் யாராவது சிவப்பு விளக்கை ஆட்டினால் வண்டி நிற்க வேண்டும், ஆட்கள் இறங்கி அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். மலாயாவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் கெடுபிடி குறைந்து சில வருஷமாகிவிட்டது. அதனால் என் கையில் இருந்த சிவப்பை நான் அழகு என்று மட்டும்தான் நினைத்தேன்.

முதல் நாள் வகுப்பு. இருட்டத் தொடங்கிவிட்டது. கையை நன்றாக வீசிக்கொண்டு, பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி நடந்தேன். முதுகுக்குப் பின்னால், டவுன் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வரும் சத்தம் கேட்டது. வீசிய கையோடு நான் திரும்ப, சிவப்பு வெளிச்சமும் அதன் பக்கம் திரும்பியது. பத்தடி தள்ளி அது நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

யாருக்காக நிற்கிறது என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் உள்ளே இருந்தவர்கள் இறங்கி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று வரிசையாக நின்றுவிட்டார்கள். எல்லோர் கையிலும் கார்டு. ஒரு சீனக் கிழவி கேட்காமலேயே கூடையைத் திறந்து, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கடத்தவில்லை என்று காட்டினாள்.

நான் போலீஸ் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டை விரல் பித்தானைத் தள்ளிவிட, வெள்ளை வெளிச்சம் முதல் ஆளின் முகத்தில் அடித்தது. அவர் கண் கூசிக் கார்டை நீட்டினார். என்ன செய்வது? வாங்கிப் பார்த்தேன். படம் அவர் மாதிரிதான் இருந்தது. "போலே ஜாலான்" (போகலாம்) என்று சொன்னது யாரென்று பார்த்தால், நானேதான்.

"பொம்பளப் போலீசு" என்று ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொல்வது கேட்டது. "சுதந்திரம் வருதுல்ல. அதான் எடுத்துட்டாங்க."

இப்படி ஆறேழு கார்டு பார்த்தேன். போகப் போக அந்த வேலை எனக்குப் பிடித்தும்கூடப் போய்விட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அடுத்து வந்தவர் தலை குனிந்து, சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, துரையைக் கூப்பிடுவது போல 'துவான்' போட்டுப் பேசினார்.

"துவான், கார்டு வேற சட்டையில இருக்கு துவான். மறந்துட்டேன். இந்த ஒரு தடவ விட்டுடுங்க துவான்."

வெளிச்சத்தை இறக்கினேன். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"ப்பா, இது தீபாவளிச் சட்டையாச்சே?"

வரிசை மொத்தமும் நிமிர்ந்தது. அப்பா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். டார்ச்சைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"யாருங்க இது?" என்று டிரைவர் இறங்கி வந்தார். கிழவி கூடையை மூடிக்கொண்டு சீன மொழியில் ஏதோ சொன்னாள். அர்த்தம் புரியாமல் இருந்ததே நல்லது. ஏடாகூடம் காதில் விழுந்தால் வகுப்புக்கு முழுக்கு என்று சொன்ன மனிதர், ஏடாகூடத்தின் வரிசையிலேயே நிற்கிறார். என் வாத்தியார் வேலை ஒரு பாடம்கூட நடத்தாமல் முடிந்தது என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா டிரைவர் பக்கம் திரும்பினார்.

"கோவிச்சுக்காதீங்க. எம் மவதான். டீச்சர். வகுப்புக்கு நேரமாச்சு, நாங்க ரெண்டு பேரும் நடந்துக்கிறோம்."

மண்டபத்துக்கு நடந்தோம். நான் தேம்பிக்கொண்டே, எதற்கு அந்தச் சட்டை என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ பாடம் சொல்லிக் குடுக்கிறதப் பாக்கலாம்னு வந்தேன். வேலச் சட்டையோட வந்து நின்னா, டீச்சரோட அப்பான்னு சொல்ல முடியுமா? கெடங்குலயே மாத்திக்கிட்டேன். கார்டு அந்தச் சட்டையில போயிருச்சு."

அன்று அப்பாவை நினைத்து எனக்கு வந்த பெருமையை எந்தக் கரும்பலகையிலும் எழுதிக் காட்ட முடியாது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடத் தெரிந்தவராக இருந்தும், 'அ' எழுதினார்.

மறுநாள் தவுக்கே டார்ச்சை வாங்கிக்கொண்டு அந்த அலுமினிய டார்ச்சை மாற்றிக் கொடுத்தார். வகுப்பு மூன்று வருஷம் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி உஜோங் பாசிரில் குடியேறிய பிறகு, அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். செருப்பைக் கழற்றும் முன் வாசலில் நின்று, "துவான்" என்று அடையாளக் கார்டை நீட்டுவார். நான் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். தம்பிகள், மருமகள்கள், என் பிள்ளைகள் எல்லோருக்கும் அது பழக்கமாகிவிட்டது. கார்டு காட்டாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் காப்பி கிடையாது.

அப்பா காலமாகிச் சில வருஷம் கழித்து, என் மகள் தான் கட்டிக்கொள்ளப் போகும் பையனை முதல்முறையாக அழைத்து வந்தாள். அவன் என் அப்பாவைப் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று, இரண்டு கையாலும் கார்டை நீட்டி, "துவான்" என்றான். வாங்கினேன். கண் கலங்கிப் பெயர்கூடத் தெரியவில்லை. உள்ளே வா என்று சொல்லிவிட்டேன். கார்டைச் சரிபார்க்காமல் நான் விட்டது இதுவரை இரண்டு பேரைத்தான். முதலாமவர் அந்தத் தீபாவளிச் சட்டைக்காரர், அவரிடம் கார்டே இல்லை.