தீப்பெட்டியில் ஓர் இடம்

வண்டியைக் கிளப்பிவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்த கணக்கருக்கு வயிறு எரிந்தது. முன் சீட்டில், மனைவி உட்கார வேண்டிய இடத்தில், தலைமைக் கணக்கர் பெல்ட் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

"இடுப்புப் பிடிப்புய்யா. பஸ்ல நிக்க முடியல."

"அதனாலென்ன சார், தாராளமா வாங்க" என்றது கணக்கரின் வாய். மனசு சொன்னதை இங்கே எழுத முடியாது.

"நான் பின்னாடி உக்காந்துக்கிறேங்க" என்று மனைவி பின் கதவைத் திறந்தாள். முகத்தில் துளி வருத்தமில்லை. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது.

அந்தக் காரை வாங்கியதே அவளுக்காகத்தான். இருவருக்கும் ஒரே சோப்புத் தொழிற்சாலையில் வேலை. அவர் கணக்குப் பிரிவு, அவள் பேக்கிங் பிரிவு. பகலெல்லாம் நின்றபடி பெட்டி கட்டிவிட்டு, சாயங்காலம் பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவாள். வந்ததும் முழங்காலில் தைலம் தேய்ப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல், சந்தையிலேயே விலை குறைந்த கார் எது என்று விசாரித்து, அதை வாங்கிவிட்டார். அவசரமாக ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

விலைக்கேற்ற வண்டி. ஒரே ஒரு வைப்பர். ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் வெளிக் கண்ணாடி. டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியாது. பின் சீட்டை மடக்கி உள்ளே தலையை விட வேண்டும். தொழிற்சாலையில் எல்லாரும் அதற்குத் தீப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தால் வைக்கட்டும், மழையில் நனையாமல் போகிறோமா இல்லையா என்பது கணக்கரின் கட்சி.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் வழி முழுக்கக் கண்ணைத் திறக்கவேயில்லை. பாவம், சொகுசில் தூங்கிவிட்டாள் என்று ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார். இத்தனை வருஷத்தில் தான் அவளுக்குச் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று நினைத்தார். அந்த இடத்தில் இப்போது ஓர் இடுப்புப் பிடிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது.

யார் முகத்துக்கு நேரேயும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் அவர். ஆகவே தந்திரத்தில் இறங்கினார்.

"நாளைக்குச் சீக்கிரமே கிளம்பிடலாம்" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். "சார் வர்றதுக்குள்ள நாம போயிடணும்."

"சரிங்க" என்றாள் அவள்.

மறுநாள் பால்காரர்கூட வந்திருக்கவில்லை. தலைமைக் கணக்கர் வந்திருந்தார். கூடவே பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் அக்காவும். இரண்டு பைகளோடு.

"சீக்கிரம் கிளம்புறதாக் கேள்விப்பட்டேன். எனக்கும் அதுதான் தோதுப்படும் தம்பி" என்றார் அக்கா.

அக்கா தாராளமான உடம்புக்காரர். அவர் ஏறியதும் தீப்பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. மனைவி பின்சீட்டு மூலையில் அக்காவின் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"கஷ்டமா இருக்காம்மா?"

"இல்லங்க, நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க. முன்னாடி!"

தன் வலியைக் காட்டிக்கொள்ளாமல் என்னைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்று கணக்கர் உருகிப்போனார்.

அடுத்த தந்திரம் இன்னும் நுட்பமானது. சாயங்காலம் எல்லாரும் இறங்கும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"என்ஜின்ல என்னமோ சத்தம் சார். எந்த இடத்துல நிக்கும்னு சொல்ல முடியாது. உங்களையெல்லாம் பாதி வழியில விட்டுட்டா எனக்குத்தான் பாவம். நாளையிலேர்ந்து நீங்க வேற ஏற்பாடு பாத்துக்கிட்டா நல்லது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. காலையில் வாசலில் மூன்று பேர். மூன்றாவது ஆள் வெல்டிங் பிரிவில் வேலை செய்பவன். உயரத்தைப் பார்த்து அவனுக்கு ஆறடி என்றே பெயர்.

"அண்ணே, வண்டி வழியில நின்னா தள்ள ஆள் வேணுமாமே? நான் இருக்கேன், கவலைய விடுங்க."

"யாருப்பா சொன்னா?"

"கேள்விப்பட்டேன்ணே."

கணக்கர் தலைமைக் கணக்கரை முறைத்தார். இந்த மனுஷனின் நாக்குக்கும் கொஞ்சம் பிடிப்பு வந்திருக்கலாம். ஆறடி முழங்கால்களைக் காதருகே மடக்கி ஒருவழியாக உள்ளே போய்விட்டான். அதற்குமேல் பின்சீட்டில் ஒரு குடையைக்கூட வைக்க முடியாது.

"நான் பஸ்ல வந்துடுறேங்க" என்றாள் மனைவி.

"உன் முழங்காலு..."

"இப்பல்லாம் கூட்டமே இல்ல. நீங்க கிளம்புங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அழுகையை மறைக்கத்தான் அப்படி ஓடுகிறாள் என்று கணக்கர் நினைத்தார். யாருக்காகக் கார் வாங்கினாரோ அவள் பஸ்ஸில், ஊரார் காரில். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கூட்டத்தை நினைத்து அவருக்கு அன்று கணக்கே ஓடவில்லை.

கடைசியாக ஒரு வழிதான் மிஞ்சியது. பயமுறுத்துவது.

அன்று சாயங்காலம் கணக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு லாரிக்கும் சுவருக்கும் நடுவே தீப்பெட்டியைச் செருகி எடுத்தார். நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கினார். எதிரே வந்த சைக்கிள்காரர் சைக்கிளை விட்டுவிட்டு ஒரு கடைக்குள் புகுந்துவிட்டார். இனி ஒருத்தரும் இந்த வண்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

தலைமைக் கணக்கர் இறங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலில் குனிந்தார்.

"பரவால்லையே, இன்னைக்குக் கொஞ்சம் நிதானமா ஓட்டினீங்களே!"



அப்படியே சில வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் நல்ல காலம் பிறந்தது. ஆறடிக்கு இரவு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் பின்சீட்டில் ஓர் இடம், வெறும் இடம், கணக்கரைப் பார்த்துச் சிரித்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் சாரையும் பின்னால் அக்காவையும் உட்கார வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்.

"வாம்மா! இடம் இருக்கு! ஆறடி வரல!"

மனைவியின் முகம் வெளுத்தது. மழைக் குளிர் போலிருக்கிறது.

"ஐயோ, டிபன் டப்பாவை உள்ளயே வச்சுட்டேங்க. எடுத்துட்டு வந்துடுறேன், இங்கயே நில்லுங்க" என்று குடையையும் பிடுங்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குள் ஓடினாள்.

நனைந்துகொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் வாசலுக்கு வெளியே வர, சந்தோஷமாகச் சாலையைக் கடந்து, அவளுக்காகப் பின்கதவைத் திறந்தார்.

உள்ளே வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். சீருடை, தொப்பி, கையில் தடியோடு.

பிறந்ததிலிருந்து யாரையும் அதட்டிப் பேசாத கணக்கருக்கு அன்றுதான் குரல் வந்தது.

"யோவ்! உன் வீடு இந்தக் காம்பவுண்டுக்குள்ளயே இருக்கு! நீ எங்கய்யா கார்ல போற?"

வாட்ச்மேன் தடியைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"சார், அக்கா, நீங்களும் கேட்டுக்கங்க! நான் இந்த வண்டிய வாங்கினது ஊரைச் சுமக்க இல்ல. எம் பொண்டாட்டி கால் வலிக்காம உக்காந்து வரணும்னு வாங்கினேன். அவ வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டா. அதுக்காக அவ மழையில நிக்கிறதப் பாத்துக்கிட்டு நீங்கல்லாம் எப்படித்தான் உக்காந்திருக்கீங்க? மனுஷங்கதானா நீங்க? இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!"

கூரையில் மழை தடதடத்தது. தலைமைக் கணக்கர் பெல்ட்டைப் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

"நீங்க ஓட்டுற வண்டியில ஏறவும் பயம், அதைச் சொல்லி உங்க மனச நோகடிக்கவும் மனசில்லாம, ஒரு சீட்டு காலியானாலும் கெஞ்சிக் கூத்தாடி ஆள் பிடிச்சு உக்கார வைக்கிறதே அம்மாதான் சார், அவங்க முகத்துக்காகத்தான் நாங்கல்லாம் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றோம்!"