துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மில் கேட் வரை

கூட்டம் சேர்ப்பது கஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். புதுச்சேரியில் ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கடலூர் சாலையில் நடந்தால் போதும், நீங்கள் தலைவர். (பதவி விலகுவதுதான் கஷ்டம்.)

அப்போதுதான் வரலாறு எம்.ஏ. முடித்திருந்தேன். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் மஞ்சள் சுவருக்கும் காகிதப் பூவுக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களே என்று எனக்கு ஆற்றாமை. இது மில் ஊர். இங்கே நெய்த துணி கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு ரத்தம் சிந்திய ஊர். இதை உலகத்துக்குச் சொல்ல ஒருத்தி பிறந்து, நெல்லித்தோப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று உறுதியாக நம்பினேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் சுற்றுலா ஏற்பாடுகளைக் கவனித்த கல்பனா மேடத்தை விடாமல் நச்சரித்து, மில் சுற்றுலா ஒன்றை நடத்திக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கினேன்.

"நானும் கூட வர்றேன். விருந்தாளிங்களுக்குப் பிடிச்சா வாராவாரம் உனக்குத்தான்" என்றார்.

அப்பாவும் ஒரு நிபந்தனை வைத்தார். "இது தேறலன்னா மறுநாளே யு.டி.சி. குமாஸ்தா பரீட்சைக்கு கோச்சிங் சேர்ற. அப்புறம் வரலாறு கிரலாறுன்னு வாயத் தொறக்கக் கூடாது."

எனவே ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. கூட்டம் சிதறாமலிருக்க வழிகாட்டி உயரமாக எதையாவது பிடிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். வீட்டில் தூரத்திலிருந்து கண்ணில் படுகிற ஒரே துணி என் சிவப்புத் துப்பட்டா. அதை ஒட்டடைக் கொம்பில் கட்டினேன். தெருக் கோயிலிலிருந்து கை மைக் இரவல். வெயிலுக்கு எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி. லாரி போகிற சாலை என்பதால் இரண்டு இரண்டு பேராக வரிசை. (எங்கேயாவது தப்பு தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை.)

ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டோம். பெங்களூர்க் குடும்பம் ஒன்று, சென்னையிலிருந்து சில பெண்கள், ரிட்டயர் ஆன ஒரு பிரெஞ்சுக்கார மெஸ்யே, கடைசியில் குடையோடு கல்பனா மேடம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிற்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று மைக்கைப் பிடித்துத் தொழிலாளர் பட்ட பாட்டை ஆரம்பித்தேன். பைக்குகளெல்லாம் எஞ்சினை அணைத்துக் கேட்டன. அடடா, நம் பேச்சுக்கு என்ன வசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். ஏழுமலை அண்ணன். மூடிக்கிடக்கும் அதே மில்லில் தறி ஓட்டியவர் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா, எந்த சங்கம்?"

"சங்கம்லாம் இல்லண்ணே. மில்லுக்குப் போறோம்."

"மில்லுதான் பூட்டிக் கெடக்குதே."

"இன்னிக்குத் தொறப்பாங்கண்ணே. நான் பேசி வச்சிருக்கேன்" என்றேன் பெருமையாக. பேசியது வாட்ச்மேனிடம். திறப்பது, முற்றத்தைப் பார்க்க ஒரு சின்னக் கதவை. இந்த விவரத்தைச் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது.

ரயில் போனதும் அவர் போனில் யாரிடமோ, "டேய், தொறக்கறாங்களாம்டா. ஒரு பொண்ணு பேசி முடிச்சிருக்குது. ஓடியா" என்பது காதில் விழுந்தது. நல்லது, இன்னும் ஓரிருவர் சேரட்டும் என்று நடந்தேன்.

மில்லை நெருங்கித் திரும்பிப் பார்த்தால், வெள்ளைத் தொப்பிகளுக்குப் பின்னால் தலைகள், தலைகள். முன்னாள் தொழிலாளர்கள், மனைவிமார்கள், ஒரு சர்பத் வண்டி. யாரோ கோஷத்தை ஆரம்பித்துவிட்டார்கள். மெஸ்யே முஷ்டியை உயர்த்தியிருந்தார். ஸ்ட்ரைக் என்றால் அவர் ஊரில் பால்குடி மறக்கும் முன்பே பழகிவிடுவார்கள் போல. வாட்ச்மேன் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்து, சின்னக் கதவுக்கும் பூட்டுப் போட்டார்.

ஜீப் வந்தது. எங்கள் ஊருக்கே உரிய சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்களுக்கு நடுவிலிருந்து எஸ்.ஐ. இறங்கினார்.

"யாரு தலைவர்?"

அத்தனை கையும் என்னைக் காட்டியது. கல்பனா மேடத்தின் குடையும்.

"ஊர்வலத்துக்கு பர்மிஷன் எங்கம்மா?"

"இது டூர் சார்."

"டூருக்கு எதுக்குச் செங்கொடி?"

"என் துப்பட்டா சார்."

அவர் துப்பட்டாவைத் தொட்டு, ஓரத்துச் சம்கியைச் சுரண்டிப் பார்த்தார். அதற்குள் ஏழுமலை அண்ணன் முன்னால் வந்தார்.

"அப்ப தொறக்கலியாம்மா?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பெரிய கேட்டையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சரி வுடு. வந்தது வந்துட்டோம், அந்த மைக்கக் குடு."

அரை மணி நேரம் பேசினார். நிர்வாகத்தை, அரசாங்கத்தை, கடைசியில் ஒழுங்காக விசாரிக்காமல் கிளம்பி வந்த தன் சகாக்களை, எல்லோரையும் திட்டினார். எஸ்.ஐ. கூடக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கடமையை நினைத்து என்னை ஜீப்பில் ஏற்றினார்.

ஆனால் நூற்புப் பகுதி பற்றி நான் இன்னும் சொல்லவில்லையே. "ஸ்டேஷன்ல தொடர்றேன், வாங்க" என்று ஜீப்பிலிருந்தே கத்தினேன். விருந்தாளிகள் ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்துவிட்டார்கள். அப்பா வந்தபோது அவர்கள் போலீஸ் பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்திருக்க, நான் பஞ்சு நூலாகும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். எஸ்.ஐ. அப்பாவிடம், "கூட்டிட்டுப் போயிடுங்க சார். நிறுத்த மாட்டேங்குது" என்றார்.

மறுநாள் கல்பனா மேடம் போன் செய்தார். "எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்காம். அடுத்த வாரமும் அந்தக் கூட்டம் வருமான்னு கேக்கறாங்க. நீ வா, கூட்டம் வேணாம்."

ஆக, வாராவாரம் மில் சுற்றுலா நடக்கிறது. முன்னால் நடப்பது நான்தான். வீட்டில் மட்டும் அந்த உரிமை பறிக்கப்பட்டுவிட்டது. என் அண்ணன் கல்யாணத்தில் வரிசைத் தட்டோடு முதல் ஆளாகப் போய் நின்றேன். நாதஸ்வரம் தொடங்கும் நேரத்தில் அப்பா ஓடிவந்து தட்டை வாங்கி அத்தையிடம் கொடுத்தார்.

"நீ கடைசியில வாம்மா. நீ முன்னால போனா ரோட்டுல போறவன்லாம் சேந்து வந்துடுவான். சாப்பாடு அளவாத்தான் சொல்லியிருக்கேன்."