என் வீட்டுக்கு மூன்று சாவி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வாராவாரம் போனில் பேசுகிறவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே, என்ன ஆச்சோ என்று பயந்துவிடாதீர்கள். எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் "சொல்லு கண்ணு" என்றதுமே சொல்ல வந்தது தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்" என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டிவிட்டேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை.

நான் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் பராமரிப்பு வேலைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். மேற்பார்வை பார்ப்பவர் இடுப்பில் எல்லா வீட்டுச் சாவியும் தொங்கும், அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. இன்னொருவர் ஏணிக்காரர். சாவிச் சத்தம் கேட்டால் ஆள் வருகிறார் என்றுதானே அர்த்தம்? இங்கே சத்தம் கேட்கும்போது ஆள் ஏற்கெனவே உள்ளே இருப்பார். ஒருநாள் பைகளோடு வீடு திரும்பிக் கதவைத் திறந்தால் கூடத்தின் நடுவில் ஏணி, ஏணிமேல் ஏணிக்காரர், அவர் திடுக்கிட்டுப் போய் விளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, தட்டிட்டு வரக்கூடாதா? ஏணியில நிக்கிறேன்ல, விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். நானும், "மன்னிச்சுக்குங்கண்ணே, தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து என் வீட்டுக்கதவை நான் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன், மாமா. சிரிக்காதீர்கள்.

ஆள் வருவதாக இருந்தால் ஒருநாள் முன்னதாகவே அறிவிப்புச் சீட்டு தரவேண்டும் என்று குடியிருப்பு விதியில் இருக்கிறது. சாவிக்கொத்து விதியை மீறுகிறவர் இல்லை. சீட்டைக் கையோடு கொண்டுவந்து, என் மேசையில் உட்கார்ந்து, என் பேனாவை வாங்கி, "நேத்து தேதி போட்டுக்கறேன், சரியாம்மா?" என்று கேட்டு, எழுதி என்னிடமே கொடுப்பார். நான் "சரிங்க" என்பேன். அப்படி நான்கு பேனா போயிற்று. உள்தாழ்ப்பாளாவது போட்டுக்கொள்ளக்கூடாதா என்பீர்கள். அது லூசாக இருக்கிறது, புதுசு போடுகிறோம் என்று முதல் மாதமே கழற்றிக்கொண்டு போனார்கள். கதவில் நான்கு ஓட்டை இருக்கிறது, தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

குழாய்க் கதையைக் கேளுங்கள். ஒழுகியது மாடிவீட்டுக்காரர் குழாய். என் கூரையில் ஈரம் பூத்தது, நான் போய்ச் சொன்னேன். வந்தவர்கள் என் குழாயைக் கழற்றினார்கள். "அண்ணே, ஒழுகறது மேல" என்றேன். ஏணிக்காரர் பொறுமையாக விளக்கினார்: "மேல்வீட்டுக்காரரு உள்ள தாழ்ப்பா போட்டுருக்காரும்மா, கதவு திறக்க மாட்டேங்குது. உங்க கதவு திறக்குது. வேலைச்சீட்டுல இன்னைக்கு ஒரு குழாய் முடிச்சதாக் காட்டணும்ல?" நன்றாக இருந்த குழாயை மூன்று முறை சரிசெய்தார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு அதுவும் ஒழுக ஆரம்பித்தது. கூரை ஈரம் அப்படியே இருக்கிறது, இப்போது தரையும் சேர்ந்துகொண்டது.

நம் வீட்டில் ஐந்து பேருக்கு ஓர் அறை, நடுவில் ஒரு துணித்திரை. நான் உடை மாற்றவேண்டும் என்றால் மற்ற நால்வரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள், தம்பி மட்டும் "ஆச்சா? ஆச்சா?" என்று உயிரை வாங்குவான். உங்களுக்குத் தெரியாததா? எனக்கே எனக்கென்று ஒரு கதவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. அந்தக் கதவுக்குள் நான் காலையில் கண் விழித்ததும் தலை வாரி, நல்ல சுடிதார் போட்டு, துப்பட்டாவும் போட்டு, டாக்டரைப் பார்க்க வந்தவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புகார் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதைக் கட்டட அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன். மறுநாளே மணி அடித்தது. கதவைத் திறந்தால் சாவிக்கொத்து, வெளியே! "வரலாமாம்மா?" என்றார். ஒரு வாரம், மாமா, ஒரு வாரம் முழுக்க மணி அடித்தார்கள்.

குழாய் ஒழுகுகிறது என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேனே, அந்த வாரத்துக் கடைசியில்தான் நீங்கள் வந்தீர்கள்.

வேலை நிரந்தரம் ஆகுமா என்று முடிவாகும் நாள் அது. கணினித் திரையில் மேலாளர் மேடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பூட்டில் சாவி திரும்பியது. கண்ணாடி முன்னால் மூன்று நாள் பழகி வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் உரக்கச் சொன்னேன்: "கதவைத் தட்டாம யாரும் உள்ள வரக்கூடாது!"

"அப்படிச் சொல்லு! இப்படித்தான் கண்டிப்பா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் உள்ளே வந்து, நேராகக் குளியலறைக்குப் போனீர்கள்.

மேடம் "யார் அது?" என்றார். நான் பதறிப்போய் "மெயின்டனன்ஸ், மேடம்" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன மறுநிமிடம் நீங்கள் ஸ்பானரோடு எட்டிப் பார்த்து, "கண்ணு, பழைய துணி ஏதாச்சும் இருக்கா? ஏன் இப்படி எளைச்சுப் போயிட்ட, நேரத்துக்குச் சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்டீர்கள். "உங்க மெயின்டனன்ஸ் ஆளுங்க ரொம்ப அக்கறையா இருக்காங்களே" என்றார் மேடம். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "என் தாய்மாமா, மேடம். குழாய் வேலைதான் செய்யறார். என்னைப் படிக்க வெச்சது அவர்தான்" என்று சொல்லிவிட்டேன்.  மேடம் உடனே, தன் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டிருக்கிறதாம், நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். வேலை நிரந்தரம் ஆகிவிட்டது.

இது நல்ல செய்தி. கெட்ட செய்தி, போகும்போது நீங்கள் கீழே அவர்களோடு உட்கார்ந்து பேசியது. ஒரே தொழில்காரர்கள், பேசாமல் எப்படி இருப்பீர்கள்? "அது வாயில்லாப் பூச்சிப்பா, ஒண்ணும் சொல்லாது. நீங்க பாட்டுக்கு உள்ள போய் வேலையப் பாருங்க" என்றீர்களாமே. மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் ஏணி விரிகிற சத்தம். "மாமாவே சொல்லிட்டாரும்மா!" என்றார் ஏணிக்காரர், ரொம்பச் சந்தோஷமாக. நான் ஐந்து தடவை எழுதிய புகாரை உங்கள் ஒரு வரி அடித்துவிட்டது.

அடுத்த முறை வரும்போது சாவிக்கொத்திடம் தயவுசெய்து சொல்லுங்கள், பூச்சிக்கு வாய் இருக்கிறது என்று. அத்தைக்கு என் அன்பு. தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: மேலேயே எழுதியிருக்கவேண்டும், கை வரவில்லை. இந்த வீட்டுக்கு மூன்று சாவி. ஒன்று என்னிடம், ஒன்று சாவிக்கொத்திடம். குடிவந்த அன்று "பத்திரமா இருக்கட்டும்" என்று நீங்கள் எடுத்துக்கொண்டது மூன்றாவது. ஊரார் வீட்டு வாசலில் நின்று மூன்று தடவை "வரலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைப்பீர்கள். என் வீட்டையும் ஊரார் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள், மாமா. அந்தச் சாவியை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரும் வெள்ளிக்கிழமை வரமுடிந்தால் ஒரு நல்ல உள்தாழ்ப்பாளும் வாங்கி வந்து மாட்டிவிடுங்கள், குழாயும் மறுபடி ஒழுகுகிறது. நான் ஆபீசில் இருப்பேன், காத்திருக்கவேண்டாம், நீங்களே திறந்து உள்ளே போய்விடுங்கள். போகும்போது சாவியை மேசைமேல் வைத்து, கதவை இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை தட்டிவிடுங்கள். உள்ளே ஏணிக்காரர் ஏணிமேல் நின்றாலும் நிற்பார்.