வடைக்குப் பின்னால் ஓர் இடைவெளி

காஞ்சிபுரத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே மூடி வைத்த எதையும் பார்க்கப் பொறுக்காதவள் எங்கள் வகுப்பு எக்ஸ்ரேதான். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் பை கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் தயிர்சாதம் பஸ்ஸுக்கே தெரியும். சேலைக் கடைக்குக் கூட்டிப்போனால், யாரோ வாங்கும் சேலையைத் திருப்பி, "பின்னாடி நூல் தொங்குது பாருங்கக்கா" என்பாள். இரண்டு கடைகளில் எங்களைக் கண்டாலே, கிளம்பட்டும் என்று ஃபேனை நிறுத்தினார்கள்.

எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருடம். புராஜெக்டில் எனக்குக் கூட்டாளியாக வாய்த்தாள். கணினியில் முப்பரிமாண வளைகோடுகளும் பரப்புகளும் வரைய வேண்டும். டோரஸ் என்று ஒரு பரப்பு; பயப்படாதீர்கள், மெதுவடைதான். அதன்மேல் ஒரு கோடு நூல்போலச் சுற்றிச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். வடை அவள் பொறுப்பு, நூல் என் பொறுப்பு.

எந்தப் பரப்பையும் அவள் கெட்டியாக வரைய விடமாட்டாள். ஊடே தெரிய வேண்டும் என்று மென்பொருளில் அளவை மாற்றிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை மாற்றிய மாற்றலில் வடையே காணாமல் போனது.

"வடை எங்கடி?"

"இருக்குது. உனக்குத்தான் பாக்கத் தெரியல."

வாய்மொழித் தேர்வன்று காலை, என் நூலின் இரு முனைகளும் சேரவில்லை. நடுவே பெரிய இடைவெளி. காரணம் பிடிபடவில்லை. தறி ஓடும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அன்று தேறாவிட்டால், "எம்பொண்ணு எம்.எஸ்சி." என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்ட அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? எக்ஸ்ரே வருவதற்குள் வடையைக் கெட்டியாக்கி, இடைவெளியைப் பின்பக்கம் திருப்பி வைத்தேன். சேலையின் பழுதை உள்ளே வைத்து மடிப்பதை எங்கள் ஊரில் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தேர்வாளர் திரையைப் பார்த்தார். "நல்லாருக்கும்மா."

நான் மூச்சு விடுவதற்குள் எக்ஸ்ரே மவுஸைப் பிடுங்கினாள். "இன்னா சார் இது, செவுரு மாதிரி நிக்குது! இருங்க, உள்ள காட்றேன்."

வடை கண்ணாடியானது. பின்னால் என் இடைவெளி பல்லை இளித்தது.

"என்னம்மா, நூல் அறுந்திருக்குது?"

எக்ஸ்ரே நிரலை மேலும் கீழும் ஓட்டினாள். "அடிப்பாவி! ஆறுல நிறுத்திட்டியா? முழுச் சுத்துக்கு ரெண்டு பை, ஆறேகாலுக்கு மேல வருமேடி. ஆறு கஜத்தப் போட்டுட்டு ரவிக்கைத் துண்ட வுட்டுட்டியே!"

நெசவு வீட்டுக் கை, யோசிக்காமல் ஆறோடு நின்றிருக்கிறது. அவள் எண்ணை மாற்றினாள். முனைகள் சேர்ந்தன. தேர்வாளர் சிரித்தார்; சட்டென்று நிறுத்தினார்.

"தப்பு யாருக்கும் வரும். ஆனா தெரிஞ்சே பின்னாடி திருப்பி வச்சிருக்கீங்க. யார் வேலை? அவங்களுக்கு ஃபெயில்தான்."



"ரெண்டு பேரும்தான் சார்" என்றாள் எக்ஸ்ரே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "மறைச்ச நாங்களே தொறந்தும் காட்டிட்டோமே சார்!"

ஆளுக்கு ஐந்து மதிப்பெண் குறைத்து, தேர்ச்சி போட்டார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுடி, வேர்க்குது" என்றாள்.

நான் விடவில்லை.