நிப்பாட்டு அண்ணனும் முதலாளி சேர்த்த ஒன்றும்

திண்டுக்கல்லில் ஓடிக்கொண்டிருக்கிற எதையும் ஒரே வார்த்தையில் நிறுத்தக்கூடிய மனிதர் நிப்பாட்டு அண்ணன் ஒருவர்தான். போக்குவரத்துக் காவலர் கை காட்டியும் நிற்காத ஷேர் ஆட்டோ இவர் குரலுக்கு நின்றிருக்கிறது. நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொழில் மோட்டார் வைண்டிங். நாகல் நகரில் கடை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் புகைந்துபோன பம்புசெட் மோட்டார்களெல்லாம் அவர் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். ஓடுகிற மோட்டாரில் கை வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் சொல்லித் தரும் முதல் விஷயம். மற்றவர்கள் அதை மோட்டாரோடு விட்டுவிடுவார்கள். அண்ணன் மிக்ஸி, கிரைண்டர், மாமியார் மருமகள் சண்டை எல்லாவற்றுக்கும் பொதுச் சட்டமாக வைத்துக்கொண்டார். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அடிவயிற்றிலிருந்து ஒரு "நிப்பாட்டு!" வரும்.

ஒருமுறை கடைக்குள் மோட்டாரைச் சோதித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து அவர் கத்தியதில், வெளியே போன டவுன் பஸ் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"எதுக்குய்யா நிப்பாட்டச் சொன்ன?"

"ஒன்னையச் சொல்லலய்யா. நீ போ."

"நீ போன்னு சொல்லித்தான் நாங்க போகணுமாக்கும்?"

பஸ் கால் மணி நேரம் நின்றது. அன்றோடு அண்ணனின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

இவருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று கடைக்கு வந்து சேர்ந்தது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டு, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பொறுமையோடு தானாகவே கற்றுக்கொண்டார். அதன் பிறகு லினக்ஸ் மேல் அவருக்கு ஏற்பட்ட மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. விண்டோஸ் அவருக்கு 'அவன்'. லினக்ஸ் 'அவுக'. "அவன் கிடக்கான், அவுகள எழுப்பு" என்பார். கட்டிய மனைவியைக்கூட அவர் 'அவுக' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்போது நான் வேலை பார்த்த அலுவலகம் அவர் கடைக்கு நாலு கடை தள்ளி, ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. மொத்தம் ஆறு பேர். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஊர் ஊராகக் கண்மாய்களுக்கு வரைபடம் தயாரிப்பது தொழில். எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை. வரைபடம் முழுவதும் சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் செல்வியின் கைவேலை. முதலாளி காய்கறிக் கமிஷன் மண்டிக் குடும்பத்திலிருந்து வந்தவர். கம்ப்யூட்டரையும் தக்காளிக் கூடையையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்த்தார்.

செல்வியின் லேப்டாப்பில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸைக் குடிவைத்திருந்தார்கள். அப்படி வைத்தால், உள்ளே இருக்கும் லினக்ஸின் மொத்த உலகமும் விண்டோஸின் கண்ணுக்கு ஒரே ஒரு பெரிய ஃபைல்தான். அந்த ஃபைல் இவ்வளவுதான் வளரலாம் என்று ஆரம்பத்திலேயே ஓர் அளவு உண்டு. இதெல்லாம் எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. எட்டு மாத உழைப்பு அதற்குள் இருந்தது. திங்கட்கிழமை வரைபடங்களைக் கொடுத்தாக வேண்டும். கடைசி மூன்று கண்மாய்கள் பாக்கி இருக்கும்போது, இடமில்லை என்று லினக்ஸ் கையை விரித்துவிட்டது.

"பாதிக்கு மேல காலியா இருக்குன்னு விண்டோஸ் சொல்லுதேம்மா" என்றார் முதலாளி.

"வெளிய இருக்கு சார். உள்ள இல்ல."

"அதெப்படி? ஒரே டப்பா தான?"

செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் போய் நிப்பாட்டு அண்ணனைக் கூட்டிவந்தேன்.

வந்ததும் வராததுமாக "நிப்பாட்டு!" லினக்ஸை நிறுத்தினாள் செல்வி. மின்விசிறியை நிறுத்தினோம். கீழே பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் மெஷினின் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கிப் போய் அதையும் நிறுத்திவிட்டு வந்தார். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் சீர்வரிசைக் குடத்தில் 'மகேஸ்' வரைக்கும்தான் வெட்டியிருந்தார்களாம். 'வரி' மாலையில்தான் வந்து சேர்ந்தது.

நிலைமையைக் கேட்டுக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "ஊரணி நெறையத் தண்ணி கெடக்கு மொதலாளி. ஒங்க வீட்டுத் தொட்டி சின்னது. தொட்டியப் பெருசு பண்ணணும். அம்புட்டுத்தான்."

"அப்ப பண்ணிருங்கண்ணே."

"தாயி, இதுக்கு நகல் எங்க வச்சிருக்க?"

செல்வி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி காலண்டரைப் பார்த்தார். தனியாக ஒரு டிஸ்க் வாங்கலாம், வாங்கலாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது.

"நகல் இல்லாம நான் பக்கத்துல வரமாட்டேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து மஞ்சள் பையில் ஒரு பழைய டிஸ்க்கோடு திரும்பி வந்தார்.

"என்னோடதுதான். காலியாத்தான் இருக்கு. எடுத்துக்க."

நகல் ஏற மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த மூன்று மணி நேரமும் அண்ணன் பாலைக் காய வைத்தவர் மாதிரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேசையைச் சுற்றி யாரும் நடக்கக்கூடாது. தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போய்விட வேண்டும். முதலாளி சீரகச் சம்பா பிரியாணி வாங்கிவந்து நீட்டினார். "மசாலா வாடை வேணாம், அங்கிட்டு வைங்க" என்றார். மசாலாவுக்கும் டிஸ்க்குக்கும் என்ன பகை என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு முகூர்த்தம். அடுத்தவர் கீபோர்டில் அண்ணன் கை வைக்கமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார், உரியவர்தான் தட்ட வேண்டும். புதிய அளவு எத்தனை மெகாபைட் என்று கேட்கிற இடம் வந்தது.

"அஞ்சு லட்சத்துப் பன்னெண்டாயிரம். போடு தாயி."

செல்வி போட்டாள். அப்போதுதான் எங்கள் முதலாளியின் ரத்தத்தில் இருந்த மண்டி விழித்துக்கொண்டது.

"ஏம்மா, சைபர்லயா முடிக்கிறது? மொய் எழுதுனாக்கூட நூத்தி ஒண்ணுன்னுதான எழுதுறோம். ராசியா ஒண்ணு சேத்துப் போடு" என்றவர், அவள் போடும்வரை காத்திருக்காமல் குனிந்து, கடைசி சைபரை அழித்து ஒன்றைத் தட்டி, என்டரையும் தட்டிவிட்டார்.

அண்ணனின் முகம் சிவந்தது.

"மொய்யா எழுதுறீக? அவுக என்ன கல்யாண மாப்பிள்ளையா? ஓடுற மோட்டார்ல கைய விடுற ஆளுக கூட எனக்கு என்னய்யா வேலை!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். டிஸ்க் எங்களிடமே கிடந்தது.

லினக்ஸைத் திறந்து பார்த்தோம். பழைய அளவுதான். இம்மியும் கூடவில்லை. இப்போதும் இடமில்லை என்றே சொன்னது. முதலாளி நாற்காலியில் சரிந்துவிட்டார். "அந்த ஒண்ணுதான் கெடுத்துருச்சு. திரும்ப எடுத்துரவாம்மா?" என்றார். செல்வி லேப்டாப்பை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவரைப் பக்கத்தில் விடவில்லை. அண்ணன் போனை எடுக்கவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடை பூட்டியிருந்தது. "அகரத்துல மேட்ச்சு. அங்கதான் இருப்பாரு" என்றார் பாத்திரக்கடைக்காரர். ஆட்டோ பிடித்துப் போனேன். ஊருக்குள் நுழையும் முன்பே ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டுவிட்டது. கபடி நடந்துகொண்டிருந்தது. மைக்கைப் பிடித்து நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தவர் நிப்பாட்டு அண்ணன். "ஏறுறான், ஏறுறான், கால நீட்டுறான், அமுக்குறாய்ங்கப்பா, அமுக்கிட்டாய்ங்க!" ஆட்டக்காரர்களைவிட இவருக்குத்தான் அதிகமாக வியர்த்திருந்தது.

என்னைப் பார்த்துவிட்டார். "செத்த இரு" என்று சைகை காட்டினார். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த போட்டி ஏற்பாட்டாளர் நான் யார் என்று விசாரித்தார். நாகல் நகர் என்றதும் குறையைக் கொட்டினார்.

"பதினோரு வருச மேட்ச்சும் அவரு பேச்சோட ஒரு பொட்டில வச்சிருந்தாரு தம்பி. எந்த பைனலக் கேட்டாலும் எடுத்துக் குடுப்பாரு. காலைல போன வருசத்துதக் கேட்டேன், நேத்து அழிச்சுட்டேங்கிறாரு. எதுக்குண்ணேன்னா, ஒரு பிள்ளையோட கண்மாயெல்லாம் வைக்க எடம் வேணும்லங்கிறாரு. கண்மாய எங்கிட்டுத் தம்பி பொட்டிக்குள்ள வைக்கிறது?"

எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியும். திரும்பி, மைக்கோடு நின்ற அண்ணனைப் பார்த்தேன்.

ஆட்டம் இடைவேளைக்கு நின்றதும் அண்ணன் வந்தார். பழைய அளவுதான் காட்டுகிறது என்று சொன்னேன். படீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கோவத்துல பாதில வந்துட்டேனேடா! வீட்டுக்காரன் விண்டோஸு எடத்த விட்டுட்டான். உள்ள இருக்கவுகளுக்கு அத யாரு சொல்றது? அவுக பாட்டுக்குப் பழைய செவுத்துக்குள்ளயே இருக்காக. வா, வா."

"அண்ணே, மேட்ச்சு?"

மைக்கை ஏற்பாட்டாளர் கையில் திணித்துவிட்டு என் ஆட்டோவில் ஏறிவிட்டார். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். அழித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாடிக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே ஒரு வரி சொன்னார். செல்வி தட்டினாள். லினக்ஸின் அளவு இரண்டு மடங்கானது. எட்டு மாதமும் அப்படியே இருந்தது. செல்வி சிரித்ததை அந்த வாரத்தில் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"அப்ப அந்த ஒண்ணு?" என்றார் முதலாளி, தூரத்தில் நின்றுகொண்டு.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அவுக பெரிய மனசுக்காரவுக."

திங்கட்கிழமை வரைபடங்கள் போய்ச் சேர்ந்தன. அன்று காலையில், டிஸ்க்கில் முன்னால் என்ன இருந்தது என்பதை முதலாளியிடமும் செல்வியிடமும் சொன்னேன். செல்வி அழுதாள். முதலாளி வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் கடைக்குப் போய் ஒரு புது டிஸ்க் வாங்கி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, நாங்கள் எல்லோரும் பின்னால் வர, மோட்டார்கள் நடுவே போய் நீட்டினார். அண்ணனுக்குக் கூச்சம். "என்னது இது, பரிசம் போடுற மாதிரி" என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். பழையதைத் திருப்பிக் கொடுக்கப்போன செல்வியிடம், "இருக்கட்டும் தாயி. ஒன் கண்மாய்க அதுல இருக்குல்ல" என்றார்.

புதுசு என்றாலும் அது காலி டிஸ்க். பதினோரு வருடம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்குக் கபடியில் எந்த ஆர்வமும் கிடையாது. யார் எந்த அணி என்பதே பாதி ஆட்டம் போன பிறகுதான் புரியும். ஆனாலும் இப்போதெல்லாம் அகரமோ தாடிக்கொம்போ, எங்கே மேட்ச் நடந்தாலும் போய்விடுகிறேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, அண்ணன் பேசப் பேசப் போனில் பதிவு செய்து, மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எனக்கென்றும் ஒரு நகல் வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் மேட்ச் நடுவில் என் போனில் இடமில்லை என்று வந்தது. குடும்பத்தோடு எடுத்த கொடைக்கானல் படங்களைத்தான் அழித்தேன்.